அப்பத்தா இடுப்பு ஆபரேஷனும் அந்த ரெண்டாவது ராத்திரியும்

போன மாசம் அப்பத்தா பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்துருச்சு. வயசு 84. தூக்கலாம்னு போனா வலது கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கெடக்கு. பெரியப்பா பாத்ததுமே "இடுப்பு போச்சுடா"ன்னுட்டாரு. ஆனா அவரே "இந்த வயசுல கத்தி வைக்கணுமா, நாட்டுக்கட்டு போட்டுரலாம்"னும் ஆரம்பிச்சாரு.

எக்ஸ்ரே பாத்த எலும்பு டாக்டர் நல்லா புரியவச்சாரு. உடைஞ்சது தொடையெலும்போட கழுத்து, மேல இருக்க பந்துக்கு ரத்தம் அந்த வழியாத்தான் போகுது, அது நின்னுட்டா ஸ்க்ரூ போட்டு முடுக்கினாலும் எலும்பு சேராம பந்தே செத்துப்போகலாம், அதனால பந்தை எடுத்துட்டு மெட்டல்ல பைபோலார்ங்கற செயற்கைப் பந்து வச்சிரலாம், மறுநாளே நிக்க வச்சிரலாம்னாரு. இன்னும் கொஞ்சம் கீழ உடைஞ்சிருந்தா பந்தை விட்டுட்டு உள்ள ராடு இறக்குவாங்களாம். பக்கத்து பெட் தாத்தா மூணு வாரம் கட்டோட வீட்ல கெடந்து முதுகெல்லாம் புண்ணாகி வந்திருந்தாரு, அதப் பாத்தப்புறம் பெரியப்பா கட்டு பேச்சையே எடுக்கல.

ரத்தத்துல சோடியம் உப்பு ரொம்பக் கம்மியா 124 தான் இருந்துச்சு, அத மெதுவா ஏத்தி ரெண்டாவது நாள் முதுகுல ஊசி போட்டு ஆபரேஷன் முடிச்சாங்க. அப்பாடான்னு இருந்துச்சு.

ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது ராத்திரி ரெண்டு மணிக்கு "கன்னுக்குட்டிய அவுத்து விட்டது எவன்டா"ன்னு ஒரே சத்தம். என்னயப் பாத்து யாரு நீங்குது. ட்ரிப்ஸ் ஊசியப் பிடுங்கி போர்வையெல்லாம் ரத்தம். எனக்கு கை நடுங்கிருச்சு, ஸ்ட்ரோக்குதான்னு நெனச்சேன். ஓடிவந்த நர்ஸக்கா கேட்ட மொத கேள்வி: "பாட்டி கண்ணாடி எங்க, காது மிஷின் எங்க?" ரெண்டும் பத்திரமா வீட்ல, ஃப்ரிட்ஜ் மேல! இது டெலிரியம்பா, திடீர்னு வர்ற மூளைக் குழப்பம், கண்ணு காது சரியா தெரியலன்னா இன்னும் கூடும், வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கப்புறம் அடிக்கடி வரும், கட்டிப்போடாதீங்க, பக்கத்துல உக்காந்து பேசுங்கன்னாங்க. விடிஞ்சதும் ரெண்டையும் மாட்டிவிட்டு ஜன்னல் ஸ்க்ரீன விலக்கி அத்தைய உக்கார வச்சோம், தெளியறதுக்கு நாலு நாள் ஆச்சு. கையெழுத்து வாங்கும்போது சீழ் பிடிக்கலாம், மூட்டு நழுவலாம், கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம்னு எல்லாம் சொன்னவங்க இத மட்டும் சொல்லவே இல்ல, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகல.

இப்ப வாக்கர் பிடிச்சு நடக்குது. ரத்தம் கட்டாம இருக்க வயித்துல தினம் ஊசி, தூங்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி, வெஸ்டர்ன் டாய்லெட்டு. தரையில மட்டும் உக்காரவே கூடாது, இடுப்பு ரொம்ப மடங்கினா வச்ச பந்து நழுவிரும். அப்பத்தாவுக்கு அதான் பெரிய கோவம். நேத்து அருவாமனைய டைனிங் டேபிள் மேல வைக்கச் சொல்லி நின்னுக்கிட்டே வாழைக்காய் நறுக்கப் பாத்துச்சு, சரியா வரலன்னு என்னயத் திட்டிட்டுப் போய் படுத்துருச்சு.