தலை திரும்பினால் 40, திரும்பாவிட்டால் 75

ஜூலை 14

நெகட்டிவ் ரத்தம் உள்ள கர்ப்பிணிக்குப் போடுகிற ஆன்டி-டி ஊசி போட்டாச்சு. நான் ஓ நெகட்டிவ், இவர் பி பாசிட்டிவ். பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. ஊசி 2,800 ரூபாய். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் எனக்கு இன்னொன்று போடணும். நெகட்டிவா வந்துடு தங்கம், அம்மாவுக்கு 2,800 மிச்சம்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. கட்டுச்சோறு, அதான் எங்கள் பக்கத்து வளைகாப்பு, ஆவணிக்குப் போச்சு. செலவும் கூடவே போச்சு.

ஜூலை 27

இன்று 4,800 பீஸ் பேபி ரோம்பருக்கு இன்வாய்ஸ் போட்டேன். ஜெர்மனிக்குப் போகுது. வெள்ளையில் குட்டிக் குட்டி யானை. என் குழந்தைக்கு இதுவரை ஒரு துணிகூட இல்லை. பிறக்கிறதுக்கு முன்னாடி வாங்கக்கூடாது என்று அத்தை ஒரே பிடி. பிறந்த பிறகு காதர்பேட்டைத் துணிக்கடைகளுக்கு இவரை அனுப்பினால் போதும், இதே யானை செகண்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஒரு பொத்தான் கோணலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஜூலை 30

தூக்கம் வரவில்லை. மறுபடியும் கணக்கு.

போன வருஷம் சம்பளம் 21,000-ஐத் தாண்டியபோது ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். அதோடு இ.எஸ்.ஐ. வைத்தியம் போச்சு என்று அப்போது உறைக்கவில்லை. தாண்டியது 600 ரூபாய். அந்த 600-க்கு மைசூர்பாகு!

இவர் எடுத்த பாலிசியில் பிரசவத்துக்கு 24 மாதம் காத்திருக்கணுமாம். எடுத்து 11 மாதம்தான் ஆகிறது. ஏஜென்ட் அண்ணனிடம், குழந்தையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சொன்னது: சுகப்பிரசவம் 40,000. ஆபரேஷன் 75,000. ரூம் வாடகை, குழந்தை டாக்டர் தனி.

பெரியாஸ்பத்திரிக்கே போகலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். சித்தி மகள் அங்கேதான் பெத்தாள். ஒரு ரூபாய் செலவில்லை, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000. அதில் 14,000 பணம், மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டி ரெண்டு. பிறகு குழந்தைக்கு சோப்பு, துண்டு, கொசுவலை எல்லாம் வைத்த பெட்டகம். அந்தப் பணம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. எங்களுக்கு வராது. கோட்டுக்குக் கீழேயும் இல்லை, மேலே நிற்கிற தெம்பும் இல்லை. அத்தை, "ஊரு என்ன பேசும்?" என்றார். ஊர் பேசட்டும், பில்லையும் அதுவே கட்டட்டும்.

ஆனால் பயந்தது நானும்தான். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10

ஸ்கேன். தலை மேலே இருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். இன்னும் நாள் இருக்கு, திரும்பும் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 13

திரும்பலை.

(எனக்கு எப்படித் தெரியும்? விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக ஒரு உருண்டை. தொட்டால் முட்டுகிறது.)

ஆகஸ்ட் 16

சீட்டு எடுத்துவிட்டோம். ஒரு லட்சத்துக்குத் தள்ளு (ஏலத்தில் கழித்தது) 18,000. இன்னும் மூணு மாதம் பொறுத்திருந்தால் பத்தாயிரம் தள்ளுக்குள் எடுத்திருக்கலாம். கையில் 82,000. இவர் எண்ணினார், நான் எண்ணினேன், மறுபடி இவர் எண்ணினார்.

ஆகஸ்ட் 21

லீவு பற்றிக் கேட்டேன். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு, அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம். எல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். "பார்க்கலாம்மா" என்றார் மேனேஜர். இந்த "பார்க்கலாம்மா"வை எந்த வரியில் எழுதுவது, வரவிலா செலவிலா?

ஆகஸ்ட் 30

கட்டுச்சோறு முடிந்தது. 60 பேர் என்று சொல்லி 110 பேர். எங்கள் பங்கு 14,000. மிச்சம் 68,000. புளிசாதம் அருமை.

ஆகஸ்ட் 31

அம்மா எருமையை விற்றுவிட்டாள்.

நேற்று சொல்லவில்லை. இன்று காலை மஞ்சப்பையை மடியில் வைத்தாள். 48,000. "நான் இங்க மூணு மாசம் வந்து இருந்தா அங்க யாரு கறப்பா? தலைப்பிரசவம் எங்க செலவு கண்ணு, அப்பா இருந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு."

கத்திவிட்டேன். சொசைட்டியில் பால் ஊற்றி, தீவனம் போக மாதம் ஆறாயிரம் நின்றது அவளுக்கு. அதில்தான் மாத்திரை, கரண்ட் பில், எனக்கு அனுப்பும் முருங்கைக்காய்க்கு பஸ் லக்கேஜ் வரைக்கும். எட்டு மாதத்தில் அந்த 48,000 வந்திருக்கும், எருமையும் நின்றிருக்கும். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவளைப் பெற்றுவிட்டு இப்படியா? அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கேட்டேன், யார் வாங்கினார்கள் என்று. மூலனூர்ப் பக்கமாம். "ஏறவே மாட்டேன்னுச்சு வண்டில."

செப்டம்பர் 2

மஞ்சப்பை பீரோவில், இரண்டாவது தட்டில். தொடமாட்டேன். சுகப்பிரசவம் என்றால் ரூம், குழந்தை டாக்டர் எல்லாம் சேர்த்து 51,000. 68-க்குள் முடியும். ஆபரேஷன் என்றால் 90. அப்போது 22,000 குறையும். அது அம்மாவின் பையிலிருந்துதான்.

திரும்பு சாமி.

செப்டம்பர் 7

36 வாரம். திரும்பவில்லை. 26-ஆம் தேதி ஆபரேஷனுக்குக் குறித்துக்கொடுத்துவிட்டார்கள். நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் பார்க்கலாம் என்றாராம் நர்ஸ். அத்தை ஜோசியருக்கு 500.

செப்டம்பர் 11

இவர் பைக்கை விற்கலாமா என்கிறார். வேலைக்கு நடந்தா போவார்? பேச்சே வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பத்து மணிக்கு அம்மா தோசை சுட்டாள். சாப்பிட்டோம்.

செப்டம்பர் 15

விக்கல் எடுக்கிறது உள்ளே. மேலேதான்.

செப்டம்பர் 18

விடியற்காலை மூணு மணிக்கு வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. குடத்துத் தண்ணீர் அலம்பின மாதிரி. விலாவுக்குக் கீழே அந்த உருண்டையைக் காணோம். யாரிடமும் சொல்லவில்லை. 21-ஆம் தேதி ஸ்கேன்.

செப்டம்பர் 19

விக்கல். கீழேயா? கீழே மாதிரிதான் இருக்கிறது. அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எருமைன்னா சொல்லிருவேன், உனக்குத் தெரியல போ" என்கிறாள்.

செப்டம்பர் 20, இரவு

ஒன்பது மணியிலிருந்து இடுப்பு இழுக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. இவர் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். பணம் நீல ஹேண்ட்பேக்கில். திரும்பி வந்ததும் முதலில் சொல்லணும், எது எப்படி ஆனாலும் மஞ்சப்பையை