பழ லாரி நிற்காமல் சர்வர் மாற்றிய அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைப் பழம் வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. சிறுதோட்டக்காரர்கள் லாரியிலும் வேனிலும் பழக்குலைகளைக் கொண்டுவருவார்கள். எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்து, சீட்டுக் கொடுத்து, சேர்ந்த பழத்தைப் பெரிய லாரியில் ஏற்றி அனுப்புவோம். இந்த வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை ஆகிப் பல காலமாயிற்று. எங்களைப் போல நிறைய சின்ன அலுவலகங்கள் அந்தப் பழத்தை நம்பித்தான் ஓடுகின்றன. பழைய சர்வரை எடுத்துவிட்டு, ஒரே இயந்திரத்துக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் (மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) ஓடும்படி எங்கள் அலுவலகத்தை மாற்றியபோது என்னென்ன யோசித்தோம், எதை ஏன் தள்ளினோம் என்பதை எழுதிவைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்துக்கு இது பயன்படும்.

மாற்றியே ஆக வேண்டிய நிலைக்கு இரண்டு காரணங்கள். பழைய சர்வரில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்னொன்று இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும் விலைப்பட்டியல். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அட்டவணைப்படி, ஆண்டு வருமானம் 50 லட்சம் வெள்ளிக்கு மேல் 2.5 கோடி வெள்ளி வரை உள்ள நிறுவனங்களுக்கு அது 2025 ஜூலை 1-இல் தொடங்கியது. எங்கள் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்புதான் இ-இன்வாய்ஸ் அனுப்பும். அந்தப் பதிப்பு பழைய சர்வரில் ஏறாது.

முதலில் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டோம். இரண்டு பெரிய சர்வர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, அதன்மேல் விஎம்வேர் ஆண்டுச் சந்தா என்று பட்டியல் வந்தது. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கிய பிறகு, ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமம் விற்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மாதிரி இடத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் சந்தா கனமான சுமை. அதைவிட என்னை உறுத்தியது வேறு: அந்தப் பட்டியலில் எங்கள் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை கோர் (சிபியுவின் உட்பிரிவு), எத்தனை டெராபைட் என்பது மட்டும் இருந்தது.

முதலாளியிடம் காட்டினேன். அவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, இந்தப் பெட்டி கெட்டுப்போனா லாரி எத்தனை மணி நேரம் நிக்கும்? அதை மட்டும் சொல்லு" என்றார்.

நாங்கள் போட்ட திட்டம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். வெட்டிய செம்பனைப் பழம் காத்திருக்காது. 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தாமதமானால் பழத்தில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். சிறுதோட்டக்காரருக்கு அந்த ஒரு லோடுதான் வாரச் செலவு. ஆகவே எடை போடுவது ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. கணக்கு அரை நாள் நின்றால் சமாளிக்கலாம். கோப்புகள் ஒரு நாள் வராவிட்டாலும் குடி முழுகிவிடாது. பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஐயாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வேலையும் எத்தனை நேரம் நிற்கலாம், எவ்வளவு நேரத்துத் தகவலைக் கையால் மறுபடி ஏற்ற முடியும் என்று ஒரு தாளில் எழுதினோம். எந்தப் பொருளும் வாங்குவதற்கு முன் எழுதிய அந்தத் தாள், பிறகு பல வாக்குவாதங்களை முடித்துவைத்தது.

அதிலிருந்து வந்த முதல் முடிவு: எடைமேடைக் கணினி சர்வருக்குள் போகாது. எடை காட்டும் கருவி பழைய ஆர்எஸ்-232 சீரியல் கம்பி வழியாகத்தான் பேசுகிறது. அந்தக் கம்பியை ஏறத்தாழ 15 மீட்டருக்கு மேல் நம்பி இழுக்க முடியாது. எடைமேடைக் கொட்டகையிலேயே ஒரு சாதாரண கணினி இருக்கட்டும், சீட்டு அங்கேயே அச்சாகட்டும், எடைத் தகவல் அந்தக் கணினியிலேயே பதிவாகி, சர்வர் கிடைக்கும்போது தானாக மேலே போகட்டும் என்று வைத்துக்கொண்டோம். சர்வர் செத்தாலும் லாரி நகரும். இணைய ரவுட்டரையும் சர்வருக்குள் போடவில்லை. போட்டால் சர்வரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முழு அலுவலகத்துக்கும் இணையம் போகும். உதவி தேடக்கூட வழி இருக்காது. கேமரா பதிவுப் பெட்டியும் தனியாகவே இருக்கிறது. இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் அது, கணக்குத் தரவு இருக்கும் டிஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம் அளவு. பழைய சர்வரின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை மாதக் கடைசிப் பட்டுவாடா நாட்களையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தேன். சிபியு பெரும்பாலும் சும்மா இருந்தது. டிஸ்க்தான் திணறியது. அதனால் பணத்தை எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்க்கில் போடுவது என்று முடிவு செய்தோம். சிபியுவைப் பல மெஷின்கள் பங்கிட்டுக்கொள்ளும், பிரச்சினை வராது. ரேம் அப்படியில்லை, கூட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கணக்கும் எஸ்கியூஎல் தரவுத்தளமும் இருக்கும் விண்டோஸ் மெஷினுக்கு 16 ஜிபி, அலுவலகத்தார் உள்நுழையும் பயனர் கணக்குகளும் கோப்புகளும் இருக்கும் இரண்டாவது விண்டோஸுக்கு 8, எடைத் தகவலை வாங்கிச் சேர்க்கும் சின்ன லினக்ஸுக்கு 4. இந்த மெஷின்களை ஓட்டும் மென்பொருளாக அடியில் ஓடும் புரோக்ஸ்மாக்ஸுக்கும், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அதன் இசட்எஃப்எஸ்ஸுக்கும் 10 என்று வைத்தால் மொத்தம் 38. பிற்பாடு இன்னொரு மெஷின் வந்தாலும் இடம் இருக்கட்டும் என்று 64 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ரேம் எடுத்தோம்.

புரோக்ஸ்மாக்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. டெபியன் லினக்ஸ்மேல் கேவிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் தொழில்நுட்பம் கொண்டு கட்டியது, சந்தா இல்லாமலே முழு வசதியும் கிடைக்கிறது, பிரவுசரிலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம். மூன்று இயந்திரங்களைச் சேர்த்து, ஒரே குழுவாக இயங்கும் கிளஸ்டர் போடும்படி நண்பர்கள் சொன்னார்கள். இரண்டு இயந்திரம் மட்டும் வைத்து கிளஸ்டர் போட்டால், ஒன்று விழும்போது மற்றதற்குப் பெரும்பான்மை ஓட்டு இல்லாமல் போகும். அதற்கு மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். அரை நாள் நிற்கலாம் என்று தாளிலேயே எழுதியிருக்கும் வேலைக்கு அவ்வளவு சிக்கல் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு நல்ல சர்வர், பக்கத்து அறையில் விலை குறைந்த ஓர் உபரி இயந்திரம். அதில் புரோக்ஸ்மாக்ஸும் அதன் பேக்கப் சர்வரும் இருக்கும். பெரியது விழுந்தால் உபரியில் மீட்டு ஓட்டுவோம்.

விண்டோஸ் உரிமத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள். சர்வர் ஸ்டாண்டர்டு பதிப்பில் சிபியு எத்தனை சிறியதாக இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். அந்த ஒரு செட்டில் இரண்டு விண்டோஸ் மெஷின்கள் ஓட்டலாம். மூன்றாவது விண்டோஸ் வேண்டுமென்றால் இன்னொரு முழு செட். அதனால்தான் எங்கள் திட்டத்தில் விண்டோஸ் இரண்டோடு நின்றது, மூன்றாவது லினக்ஸ் ஆனது. இதற்கு மேல் ஒவ்வொரு பயனருக்கும் அல்லது கருவிக்கும் தனி அணுகல் உரிமம் உண்டு. பழைய சர்வரோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த இயந்திரத்தோடு கட்டுண்டது, புதியதற்குக் கொண்டுபோக முடியாது. உபரி இயந்திரத்துக்கு உரிமத்தை நினைத்தபோது மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஒருமுறை மாற்றினால் 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்றலாம். வன்பொருள் நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விலக்கு. கடைசியில் உபரிக்கும் ஒரு செட் வாங்கினோம். முதலாளிக்கு மனசில்லைதான். ஆனால் எல்லாம் கூட்டியும் முதலில் வந்த பட்டியலைவிட மிகக் குறைவாகவே முடிந்தது.

டிஸ்க் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று: மின்சாரம் திடீரென்று போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் பாதுகாப்புள்ள சர்வர் ரக எஸ்எஸ்டி. சாதாரண எஸ்எஸ்டி தரவுத்தள வேலையில் சீக்கிரம் தேயும், எழுதும் வேகமும் படுத்துவிடும். இரண்டை வாங்கி இசட்எஃப்எஸ் மிர்ரராகப் போட்டோம், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். இசட்எஃப்எஸ்ஸுக்கு அடியில் பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு அட்டை வரக் கூடாது. டிஸ்க்குகளை அது நேராகப் பார்க்க வேண்டும்.

இங்கே மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலும் சகஜம். உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே முற்றத்தில் போன செப்புக் கம்பிதான் முன்பு சுவிட்சுகளைக் காவு வாங்கியது. அதை எடுத்துவிட்டு ஃபைபர் இழுத்தோம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் அந்த வழியாக இனி மின்னல் அலுவலகத்துக்குள் வராது. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியாகச் சர்வரோடு இணைத்து, பேட்டரி இறங்கும்போது மெஷின்கள் ஒழுங்காக அணையும்படி வைத்தோம். பயனர் கணக்குகள் இருக்கும் இரண்டாவது விண்டோஸ் மெஷின் முதலில் எழும், கடைசியில் அணையும். சர்வரின் சொந்த முகவரியும் அதன் டிஎன்எஸ்ஸும் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) தனக்குள் ஓடும் எந்த மெஷினையும் நம்பியிருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

நிறுவும்போது ஒரு இடத்தில் பலர் தடுமாறுவார்கள். விண்டோஸ் நிறுவியில் டிஸ்க் தேர்வு செய்யும் பக்கம் வந்ததும் பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, விர்ச்சுவல் டிஸ்க்கோடு பேசும் விர்ட்ஐஓ டிரைவர் விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, 'லோட் டிரைவர்' அழுத்தி, ஸ்கஸி டிரைவர் இருக்கும் கோப்புறைக்குள் நம் விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தால் டிஸ்க் உடனே தெரியும். நெட்வொர்க் அட்டைக்கும் அதே ஐஎஸ்ஓதான். கூடவே, மெஷினுக்குள் ஓடி புரோக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்டையும் நிறுவிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை ஒழுங்காக பேக்கப் எடுக்க அது உதவும். எங்கள் கணக்கு மென்பொருளுக்கு உரிமத்தைச் சரிபார்க்கும் ஒரு யூஎஸ்பி டாங்கிள் உண்டு. அதைச் சர்வரின் முன்பக்கத்தில் செருகி, அந்த மெஷினுக்கு மட்டும் ஒதுக்கினோம். அவசரத்துக்குக் கழற்றி உபரியில் செருக வேண்டியிருக்கும் என்பதால்தான் முன்பக்கம்.

மாற்றும் நாளாகப் பழம் வராத ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தோம், அதுவும் பட்டுவாடா முடிந்த வாரத்தில். பழைய சர்வரின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து விர்ச்சுவல் மெஷினாக உள்ளே தள்ளவில்லை. புதிய விண்டோஸில் தரவுத்தளத்தை மட்டும் பேக்கப்பிலிருந்து மீட்டோம். கணக்குப் பிரிவு அக்கா பழையதிலும் புதியதிலும் ஒரே மாத இருப்புப் பட்டியலை அச்சிட்டு, வரி வரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரி ஒத்துவந்த பிறகே பழையதை அணைத்தோம். வரிக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்த டிஸ்க்குகளைத் துடைக்காமல் வைத்திருக்கிறோம்.

பேக்கப்பை மட்டும் இன்னும் நான் விடாமல் கவனிக்கிறேன். வேலை நேரத்தில் கணக்கு மெஷினின் நகல் மணிக்கொரு முறை உபரிக்குப் போகிறது, மற்றவை இரவில். மாறிய பகுதி மட்டும் போவதால் யாருக்கும் வேகம் குறைவதில்லை. பெரிய சர்வரிலிருந்து பேக்கப் எழுத முடியும், அழிக்க முடியாது. எவனாவது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டினாலும் நகல் தப்பிக்கும். ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் அந்த நேரத்து நிலைப் பதிவை) நாங்கள் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதே இல்லை, அது அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது. ஒரு நகல் கழற்றக்கூடிய டிஸ்க்கில் அலுவலகத்துக்கு வெளியே போகிறது. அது குறியாக்கம் செய்தது. சாவி தொலைந்தால் நகலும் வீண் என்பதால், சாவியைத் தாளில் அச்சிட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

மீட்புச் சோதனையில் பெரிய கிராணி ஐயாவையே உட்காரவைத்தேன். நான் ஊரில் இல்லாத நாளில் அவர்தான் செய்ய வேண்டும். பெரிய சர்வரை அணைத்துவிட்டு, எழுதிக்கொடுத்த படிகளைப் பார்த்து உபரியில் கணக்கு மெஷினை மீட்டார், டாங்கிளை மாற்றிச் செருகினார், அக்காவின் கணினியில் கணக்கு திறந்தது. தாளில் எழுதிய அரை நாளுக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அவருக்குப் புரியாத இரண்டு படிகளை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே திருத்தி எழுதி, அந்தத் தாளைச் சர்வர் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.