சவ வண்டிக்குப் பின்னால் நடந்த நீதிபதி

நேற்று ராத்திரி ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'தி சன் ஷைன்ஸ் பிரைட்' (1953) படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன், அந்தச் சவ ஊர்வலம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து நாற்பது வருஷம் ஆகியும், தோற்ற தென்னகப் படையின் கிழவர்கள் கூடிக்கூடிப் பழங்கதை பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் நீதிபதி பிரீஸ்ட். சார்லஸ் வின்னிங்கர் நடித்திருக்கிறார். மறுபடி தேர்தலில் நிற்கிறார், எதிராளியோ பலமான ஆள்.

ஊரை விட்டுப் போன ஒரு பெண் சாகும் தறுவாயில் திரும்பி வந்து, பாலியல் தொழில் நடக்கும் வீட்டில் உயிரை விடுகிறாள். கௌரவமாக அடக்கம் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டுக்காரி கேட்க, நீதிபதி சரி என்கிறார். அதுவும் ஓட்டுப் போடும் நாளன்று! சவ வண்டிக்குப் பின்னால் அவர் மட்டும் தனியாக நடக்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு வண்டியில் அந்த வீட்டுப் பெண்கள். தெருவோரம் நின்று பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். அப்புறம் கூட்டத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்து சேர்ந்துகொள்கிறார், பின்னாலேயே இன்னொருவர், போரில் எதிரணியில் நின்றவர்கூட வருகிறார். ஏன் வந்தோம் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஃபோர்டும் அவசரப்படாமல், அவர்கள் நடந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இதற்கு முன்னால், செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பினப் பையனை அடித்துக் கொல்ல வந்த கும்பலைச் சிறை வாசலில் இதே கிழவர் தனியாக மறிக்கிறார். 1934இல் இதே நீதிபதியை வைத்து ஃபோர்டு எடுத்த படத்தில் இப்படி ஒரு காட்சி வெட்டப்பட்டது. அதை விடாமல் பத்தொன்பது வருஷம் கழித்துத் திரும்ப எடுத்திருக்கிறார் மனுஷன்!

ஸ்டெபின் ஃபெட்சிட்டின் வேலைக்காரன் வேடம் மட்டும் இந்தத் தடவையும் உறுத்தியது. வெள்ளைக்கார எஜமானைச் சுற்றிக் குழைந்து நிற்கும் அந்தப் பாவனையை என்னால் ரசிக்க முடியவில்லை. கறுப்பின மக்களுக்கு ஒரு நல்ல வெள்ளைக்காரர் வந்துதான் காவல் நிற்க வேண்டும் என்கிற நினைப்பு படம் முழுக்க இருக்கிறது.

ஆனாலும் ஃபோர்டு தனக்கு ரொம்பப் பிடித்ததாகச் சொன்ன படம் இது. பார்ப்பதானால் வெட்டுப்பட்ட தொண்ணூறு நிமிடப் பிரதியை விட்டுவிட்டு, நூறு நிமிடப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.