ஏரிப் படகுக்கு ஃபோம் போட்ட கதை

வேலூர்க்காரன் படகு வாங்கினான்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது? தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு ஊரையே கேலி பண்ணிப் பழகினவங்க நாம. காட்பாடியில என் பட்டறை வாசல்ல அந்த 12 அடி அலுமினியப் படகைக் கவுத்துப் போட்டிருந்தப்ப, டீக்கடைக்குப் போறவன் வர்றவன் எல்லாம் "இன்னாப்பா, பாலாத்துல விடப்போறியா, கோட்டை அகழியிலயா?"ன்னு கேட்டுட்டுத்தான் போனாங்க. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் முட்டி ஓடினதைப் பாத்தவங்க மட்டும் அவ்வளவா சிரிக்கல.

படகு எனக்கில்ல, சித்தப்பாவுக்கு. காவேரிப்பாக்கம் ஏரியில மீன் குத்தகையில அவருக்கு ஒரு பங்கு இருக்கு. பல்லவர் காலத்து ஏரி. வாலாஜா பக்கம் பாலாத்து அணைக்கட்டுல இருந்து கால்வாய்ல தண்ணி வந்து நிரம்பிட்டா, காத்தடிக்கிற சாயங்காலத்துல அலையைப் பாத்து ஏரின்னே நம்ப மாட்டீங்க. பரிசல்ல அவ்வளவு தூரம் போய் வலை எடுக்க அவருக்கு இப்ப உடம்பு ஒத்துழைக்கல. சென்னையில பழைய இரும்புக் கடை ஒண்ணுல இந்தப் படகு மாட்டுச்சு. நான் ஜன்னல், கதவுன்னு அலுமினிய வேலை பாக்கிறவன், அதனால சரி பண்ற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

தகட்டோட தகட்டைச் சேக்கிற ரிவெட் ஆணியில ஒழுகுறது எதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். படகை ரெண்டு ஸ்டாண்டு மேல தூக்கி வச்சு உள்ளே தண்ணி ஊத்தினா, வெளியே சொட்டுற இடத்துல மார்க்கர்ல வட்டம் போட வேண்டியதுதான். வேலை வாங்கினது உட்காரும் பெஞ்சு. இந்த மாதிரிப் படகுல குறுக்கே இருக்கிற பெஞ்சு வெறும் பெஞ்சு இல்ல, பெட்டி. படகு கவிழ்ந்தாலும், தண்ணி புகுந்து நிரம்பினாலும் முழுகாம தாங்குற சரக்கு அதுக்குள்ளதான் இருக்கும். நடு பெஞ்சோட தகட்டைக் கழட்டினா, உள்ளே பழைய வெள்ளைத் தெர்மாகோல். கையில எடுத்தா தெர்மாகோல் கனமே இல்ல, நனைஞ்ச செங்கல் கனம். அழுத்தினதும் அந்தச் சின்னச் சின்ன மணிகளுக்கு நடுவுல இருந்து பழுப்புத் தண்ணி வடிஞ்சுது. ஒரு மூலையில எறும்புப் புத்து வேற. அது ஒட்டிக்கிட்டிருந்த இடத்துல அலுமினியம் மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. கம்பி பிரஷ்ஷால தேச்சுட்டு அடியில டார்ச் அடிச்சப்ப, ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் புள்ளி புள்ளியா தெரிஞ்சுது. காத்துப் படாம ஈரம் தேங்கி நின்னா அலுமினியம் இப்படித்தான் குழி விழும்.

சித்தப்பாகிட்ட காட்டி, இதை எடுத்துட்டு தண்ணி லேசுல ஏறாத கெட்டி ஃபோம் வாங்கிப் போடணும்னேன். "ஏண்டா, நாலு காலி கேனைக் கட்டினா போதாதா? எதுக்கு இவ்ளோ துட்டு?"ன்னாரு.

"கேன்ல ஒரு ஓட்டை விழுந்தா அந்தக் கேன் மொத்தமும் போச்சு சித்தப்பா. ஃபோம்ல ஆணியே அடிச்சாலும் மிதக்கும்."

"அப்ப தெர்மாகோலே போடேன், அதுவும் மிதக்குதே."

அதான் நனைஞ்சு கெடந்துச்சேன்னு அந்தத் துண்டை அவர் கையிலயே குடுத்தேன். அப்புறம் பேசல.

எவ்வளவு ஃபோம்ங்கிற கணக்கு கஷ்டமில்ல. அலுமினியம் தண்ணியை விட 2.7 மடங்கு கனம். அதனால தண்ணிக்குள்ள அதோட எடையில 63 சதவீதம்தான் மிஞ்சும். படகு 70 கிலோன்னா முழுகினப்புறம் 44 கிலோ. 8 எச்பி மோட்டாருக்கு சுமார் 40 கிலோ, அதைக் குறைக்காம முழுசாவே எடுத்துக்கிட்டேன். நங்கூரம், வலை, சாமான் 15. பிடிச்சுக்கிட்டுத் தொங்குறவங்களுக்குத் தலைக்கு 15 கிலோன்னு மூணு பேருக்கு 45. ஆக 144. ஒரு லிட்டர் இடத்தை அடைக்கிற ஃபோம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாத் தாங்கும். அதனால 150 லிட்டர் கட்டாயம், கை காவலுக்கு 200. அதாவது ஒரு டீசல் பேரல் அளவு. அவ்வளவு ஃபோமும் 7 கிலோ தாண்டாது.

எங்க வைக்கிறதுங்கிறதுலதான் ஆளாளுக்குத் தடுமாறுறாங்க. தரைப் பலகைக்கு அடியில காலி இடம் நிறைய இருக்கும். எல்லாருக்கும் கை அங்கதான் போகும். தண்ணி நிரம்பாத வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிரம்பிட்டா, அடியில இருக்கிற ஃபோம் மேல வரப் பாக்கும், மேல இருக்கிற மோட்டாரும் ஆளும் கீழ போகப் பாக்கும். படகு குப்புறப் புரண்டுதான் நிக்கும். ஃபோம் மேல இருக்கணும், ரெண்டு பக்கமும் விளிம்பை ஒட்டி இருக்கணும். அப்பதான் ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கத்து ஃபோம் திரும்பத் தூக்கி விடும். பின்னாடி மோட்டார் கனம் இருக்கிறதால அங்க பங்கு அதிகம் குடுக்கணும். இல்லேன்னா பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பாத்து செங்குத்தா நின்னுடும். அதுல யார் எதைப் பிடிச்சுத் தொங்குறது? அடியில நான் ஒரு துண்டு கூட வைக்கல. அந்த இடம் தண்ணி ஓடி வெளியே போறதுக்கு.

பெஞ்சுகளுக்கும் விளிம்புக்கும் மொட்டை மாடியில வெயிலுக்குப் போடுவாங்களே, எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை, அதை வாங்கினேன். 1250க்கு 600 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் கனம். பலகைக்கு 37.5 லிட்டர். மணி மணியா இல்லாம ஒரே இறுக்கமா இருக்கிறதால தண்ணி லேசுல ஏறாது. ஒரே குறை, பெட்ரோல் பட்டா கரைஞ்சு பிசின் மாதிரி ஆயிடும். அதனால பெட்ரோல் டேங்க் இருக்கிற பின் மூலை ரெண்டுக்கும் மட்டும் ஊத்துற பாலியூரித்தேன் ஃபோம். அதுக்குப் பெட்ரோல் பயமில்ல.

இங்க ஒரு நண்பர் வந்து, "ஆம்பூர்ல ஷூ சோலுக்கு ஊத்துறதும் இதே பாலியூரித்தேன் தானே, ஒரு டின் வாங்கித் தரேன்"ன்னாரு. பேர் ஒண்ணுதான். சோல் ஃபோம் வளையும், கனமும் பல மடங்கு. நமக்கு வேண்டியது கோல்டு ஸ்டோரேஜ் சுவருக்கும் சோலார் ஹீட்டர் டேங்குக்கும் போடுற பஃப், அதாவது வளையாத கெட்டி பாலியூரித்தேன் ஃபோம். அது ரெண்டு கேன்ல தனித்தனி திரவமா வரும், ரெண்டையும் கலந்தாத்தான் ஃபோம். அந்த வேலை செய்யறவர்கிட்ட ரெண்டு கேன்லயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன்.

ஊத்தினது விடியக்காலையில. நம்ம ஊர் சித்திரை வெயில்ல மத்தியானம் கலக்கினா, கப்பை விட்டுக் கவுக்கிறதுக்குள்ளயே பொங்க ஆரம்பிச்சிடும். கலக்கினதும் காப்பி நிறத்துல பாலாடை மாதிரி கெட்டியாகி, அப்படியே எழும்பி வரும். கப்போட அடியைத் தொட்டா சுடும். மொத்தமா ஊத்தினா உள்ளே சூடு அடங்காம கருகும், தீ கூடப் பிடிக்கும். மேல போக வழியில்லாத பெட்டின்னா தகட்டையே உப்ப வச்சிடும். அதனால மேல ஓட்டை விட்டு, அடுக்கடுக்கா, ஒண்ணு ஆறினப்புறம் அடுத்தது. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. துணி மாஸ்க் பத்தாது, கெமிக்கல் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும். ஃபோம் போட்டப்புறம் அந்தப் பக்கம் வெல்டிங் பக்கமே போகக் கூடாது. வெல்டிங் எல்லாம் முன்னாடியே முடிச்சிடணும்.

தரைக்கு வாங்குற மரப் பலகையில கரையானுக்குச் செப்பு மருந்து ஏத்தியிருக்கான்னு கேட்டுக்குங்க. ஈரத்துல அது அலுமினியத்தைத் தின்னும்.

ஏரிக்கரையோரம், மார்பளவு தண்ணியில வச்சு சோதிச்சோம். மோட்டாருக்குப் பதிலா பின்னாடி இரும்புத் துண்டுகளைக் கட்டினேன். மணல் மூட்டை சரிப்படாது, தண்ணிக்குள்ள அதோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேலயே குறைஞ்சு ஏமாத்திடும். இரும்புல எட்டுல ஒரு பங்குதான் குறையும். அடைப்பைப் பிடுங்கி விட்டா தண்ணி கொடகொடன்னு ஏறி, விளிம்பு ஒரு கையளவு வெளியே தெரிய, படகு கிடையாவே நின்னுச்சு. கூட வந்த பசங்க ஒரே பக்கம் தொத்தினாங்க. சாஞ்சுது, புரளல. சித்தப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தண்ணி நிரம்பின படகுல நடு பெஞ்சுல போய் உக்காந்து, "டேய், இப்டியே கரைக்குத் தள்ளுங்கடா"ன்னாரு.

பெஞ்சு மேல்தகட்டுக்கு ரிவெட் அடிக்கல, ஸ்க்ரூதான். ஒவ்வொரு பலகையிலயும் காஞ்ச எடையை மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன். கோடையில ஏரி வத்தினதும் கழட்டித் தராசுல வைப்பேன், ஏறியிருந்தா அந்தப் பலகையை மட்டும் மாத்திக்கலாம்.