கில்ட் வார்ஸ் 2-க்குத் திரும்பி வந்தேன்: ஆறு எக்ஸ்பான்ஷனில் எதை வாங்கினேன், ஏன்

கில்ட் வார்ஸ் 2, பலர் ஒரே உலகில் சேர்ந்து விளையாடும் ஆன்லைன் கேம். 2016 மார்ச்சில் அதை விட்டேன். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன், அத்தோடு நின்றுபோனது. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். பாஸ்வேர்ட் மறந்திருந்தது, ஆனால் பழைய மின்னஞ்சல் கையில் இருந்ததால் உள்ளே போக முடிந்தது.

என் கேரக்டரான ரேஞ்சர் (வளர்ப்பு விலங்கோடு சண்டை போடும் வகை) நான் விட்ட இடத்திலேயே, லயன்ஸ் ஆர்ச் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஓநாய். தபால் பெட்டியைத் திறந்தால், நான் இல்லாத வருடங்களின் பிறந்தநாள் பரிசுகள் வந்து கிடக்கின்றன. இந்த கேமில் ஒவ்வொரு கேரக்டருக்கும் அது உருவான நாளை வைத்து வருடா வருடம் பரிசு வரும். 2013 செப்டம்பரில் கல்லூரி விடுதி அறையில் அவளை உருவாக்கிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

அடுத்து கவசத்தைப் பார்த்தேன். மற்ற பல ஆன்லைன் கேம்களில் இத்தனை வருடம் கழித்து வந்தால் பழைய சாமான் எல்லாம் குப்பை. இங்கே 2012-இல் கேம் வந்தபோது உச்ச லெவல் 80, இன்றும் அதே 80தான். அன்று கஷ்டப்பட்டுச் சேர்த்த எக்ஸாட்டிக் (உயர்தர) கவசத்தைப் போட்டுக்கொண்டே இன்றைய மேப்களில் சுற்றலாம். மாதச் சந்தாவும் கிடையாது. நான் தைரியமாகத் திரும்பி வந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

சரி, இப்போது வாங்கும் விஷயம். எக்ஸ்பான்ஷன் என்றால் மூல கேமோடு தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் பெரிய பகுதி. என்னிடம் இருந்தது மூல கேம் மட்டும். நான் விடுவதற்குச் சில மாதம் முன்பு, 2015 அக்டோபரில், ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் வந்தது. காசு இல்லாததால் வாங்கவில்லை. அப்புறம் 2017-இல் பாத் ஆஃப் ஃபயர், 2022-இல் எண்ட் ஆஃப் டிராகன்ஸ், 2023-இல் சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்கியூர், 2024-இல் ஜாந்திர் வைல்ட்ஸ், 2025 அக்டோபரில் விஷன்ஸ் ஆஃப் எடர்னிட்டி. மொத்தம் ஆறு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும், அவ்வளவு செலவழிக்க நான் தயாராக இல்லை.

முதல் இரண்டு நாள் புதியதன் மேல்தான் கண். ஊரே அங்கே இருக்கிறது, ஒன்பது தொழில்களுக்கும் (ரேஞ்சர் மாதிரியான கேரக்டர் வகைகள்) புதிய எலைட் ஸ்பெஷலைசேஷன் (தொழிலுக்குப் புதுத் திறமைகள் தரும் கிளை) வந்திருக்கிறது. ஆனால் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன்: எனக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது இரவு ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை. ரெய்டுக்கு (குழுவாகச் செய்யும் கடினமான சண்டை) ஆள் சேர்த்து விளையாட முடியாது. எனக்குப் பிடித்தது மேப்பில் சுற்றுவதும், கதையும், வழியில் பத்துப் பேர் கூடி ஏதாவது பெரிய பூச்சியை அடிப்பதும். அப்படிப்பட்டவனுக்கு முதலில் வேண்டியது நடமாடும் வசதி. ஏறிப் போகும் விலங்கான மவுண்ட், பாலைவனத்தில் நடக்கும் பாத் ஆஃப் ஃபயரில். காற்றில் மிதந்து செல்ல உதவும் கிளைடர், காட்டில் நடக்கும் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸில். இந்த இரண்டும் இப்போது ஒரே பெட்டியாக, 30 டாலருக்கு வருகின்றன. அவ்வப்போது தள்ளுபடியும் போடுகிறார்கள்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டிய ஒன்று. என்னைப் போல, கேமை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனத்தில் பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் எக்ஸ்பான்ஷன் வாங்கக் கூடாது. ஸ்டீமில் வாங்குவது அங்கேயே தொடங்கிய கணக்குக்குத்தான் சேரும், பழைய கணக்கோடு இணைக்க வழியில்லை. நான் ஸ்டீமில் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசி நேரத்தில் படித்துவிட்டு வெளியே வந்தேன். நேரடியாக அரீனாநெட் தளத்தில் வாங்கினேன். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் ஆன் செய்துவிட்டுப் போங்கள்.

கதை வரிசைப்படி காடு முதலில், பாலைவனம் அடுத்து. நான் வரிசையை மீறி முதலில் பாலைவனத்துக்குப் போனேன். பாத் ஆஃப் ஃபயரின் முதல் கதைப் பகுதியை முடித்தாலே ராப்டர் கிடைத்துவிடும். அதன் முதல் பயிற்சி நீண்ட தாவல். கிரிஸ்டல் ஒயாசிஸ் மேப்பில் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று, ஓடி வந்து, பட்டனை அழுத்திப் பிடித்துத் தாவினேன். ராப்டர் வாலை நீட்டி, உடம்பைத் தாழ்த்தி, எதிர்க்கரையில் தூசி பறக்க இறங்கியது. என் ஓநாய் இந்தப் பக்கமே நிற்குமோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். மவுண்டில் ஏறினால் பெட் தானாக மறைந்துவிடும், இறங்கினால்தான் வரும். அன்று இரவு வேறு எதுவும் செய்யவில்லை, தாவிக்கொண்டே இருந்தேன். 2013-இல் கால் நடையாக ஓடி ஓடிக் கடந்த பழைய மேப்களுக்கும் ராப்டரில் போய்ப் பார்த்தேன். நாலு நிமிடம் ஓடிய தூரம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது.

இரண்டாவது வாரம் ஸ்ப்ரிங்கர் கிடைத்தது, பெரிய முயல் மாதிரி, செங்குத்தாக மேலே எகிறும். அத்தோடு பாலைவனத்தை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போனேன்.

காடு வேறு ரகம். வெர்டன்ட் பிரிங்க் மேப்புக்கே மூன்று அடுக்கு உண்டு. கீழே வேர்கள், நடுவில் நிலம், மேலே மரக்கிளைகள். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இடம் உண்மையில் தலைக்கு மேலே இருக்கும். பகலில் ஒரு மாதிரி, இரவில் எதிரிகள் பெருகி வருவார்கள். முதல் இரவே பாக்கெட் ராப்டர்கள் என்னைக் கொன்றன. முழங்கால் உயரம்கூட இருக்காது, ஏழெட்டாக வந்து சூழ்ந்துகொள்ளும், என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் கீழே கிடப்போம். மூன்று முறை செத்த பிறகுதான் புரிந்தது: ஒன்றைக் குறிவைத்து அடிக்கக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கும் ஆயுதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எலைட் ஸ்பெஷலைசேஷன் முழுவதும் திறக்க 250 ஹீரோ பாயிண்ட் (மேப்பில் உள்ள சவால்களை முடித்துச் சேர்க்கும் புள்ளி) வேண்டும். காட்டிலும் பாலைவனத்திலும் ஒரு சவாலுக்குப் பத்து. காட்டில் பல சவால்கள் தனி ஆளால் முடியாதவை. பாலைவனத்தில் பெரும்பாலும் தனியாகவே முடிக்கலாம். அங்கே சேர்த்த பாயிண்டை வைத்து சோல்பீஸ்ட் (ரேஞ்சருக்கான ஒரு எலைட் ஸ்பெஷலைசேஷன்) ஆனேன், அப்புறம்தான் காட்டில் கால் ஊன்ற முடிந்தது. நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்த வரிசையில் போவது நல்லது.

காட்டுக்காகவே அந்த முப்பது டாலரும் தகும் என்று தோன்றிய இடம் ஆரிக் பேசின் மேப். டாரிர் என்ற பொன்னகரத்தை ஆக்டோவைன் என்ற கொடி நான்கு வாசல்களிலும் தாக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கிறது, நம் நேரப்படி இரவு எட்டரைக்கும் பத்தரைக்கும் வரும். சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காரச் சரியான நேரம். நான்கு வாசலிலும் உள்ள கொடிகளை ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெட்ட வேண்டும், ஒன்று முந்திவிட்டால் அது மறுபடி வளர்ந்துவிடும். அதனால் சாட்டில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்: வடக்கு 30, கிழக்கு 45, தெற்கு 10, நிறுத்துங்கள். நான் தெற்கு வாசலில் இருந்தேன். எங்கள் கொடி பத்து சதவீதத்துக்கு வந்ததும் அத்தனை பேரும் ஆயுதத்தை உறையில் போட்டுவிட்டு நின்றோம். முப்பது பேர் அடிக்காமல் காத்திருக்கிறோம், கிழக்கு வாசல்காரர்கள் வந்து சேரட்டும் என்று. யாருக்கும் யாரையும் தெரியாது. நாலாவது வாசலும் பத்துக்கு வந்தது, சாட்டில் ஒரே சொல் வந்தது, மொத்தமும் பாய்ந்தது. நகரத்துக்குக் கீழே பொக்கிஷ அறை திறந்ததும் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டு ஓடினேன். நமக்கு ஆசியாவில் சர்வர் இல்லை, ஐரோப்பிய சர்வரில் எனக்கு 160 மில்லிசெகண்ட் தாமதம் காட்டுகிறது. இந்த மாதிரிக் கூட்டச் சண்டைக்கு அது ஒரு தடையே இல்லை.

மற்ற எக்ஸ்பான்ஷன்கள் பற்றிப் பலரும் சொல்லும் யோசனை, முதலில் அப்ஸ்கியூரை வாங்கு, ஸ்கைஸ்கேல் என்ற பறக்கும் மவுண்ட் சீக்கிரம் கிடைக்கும் என்பது. உண்மைதான். 2019-இல் அது முதலில் வந்தபோது நெடுநாள் சேகரிக்க வேண்டியிருந்தது, அப்ஸ்கியூரில் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் நான் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த மூன்றடுக்குக் காட்டை மேலே பறந்து கடந்திருந்தால் எனக்கு அதன் வழிகளே தெரிந்திருக்காது. காட்டை முடித்த பிறகு அதை வாங்குவேன். வீடு கட்டும் ஆசை உள்ளவர்களுக்கு ஜாந்திர், மீன் பிடிக்க எண்ட் ஆஃப் டிராகன்ஸ். எனக்கு இரண்டும் அவசரமில்லை.

இப்போதைய சிக்கல் வேறு. காட்டுக்கும் பாலைவனத்துக்கும் இடையே நடக்கும் கதை லிவிங் வேர்ல்ட் என்ற எபிசோடு கதைத் தொடரின் மூன்றாம் சீசனில் இருக்கிறது. அது வந்த நாட்களில் லாகின் செய்தவர்களுக்கு இலவசம், எனக்கு எபிசோடுக்கு 200 ஜெம் (கேம் கடையின் நாணயம்). ஜெம்மை நிஜக் காசிலும் வாங்கலாம், கேமில் சேர்த்த தங்கத்தைக் கொடுத்தும் மாற்றலாம். அந்தத் தங்கத்தை நான் கிரிஃபன் என்ற பறக்கும் மவுண்டுக்காகச் சேர்த்து வந்தேன், அதற்கு 250 தங்கம் வேண்டும். டாரிரில் தினம் இரவு கிடைப்பதை விற்று 180 வரை வந்திருந்தேன்.

நேற்று இரவு பத்தரைச் சண்டை முடிந்ததும் தங்கத்தை ஜெம்மாக மாற்றி முதல் எபிசோடை வாங்கிவிட்டேன். கிரிஃபன் இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகும். அந்த எபிசோடின் மேப்பான பிளட்ஸ்டோன் ஃபென் திறந்திருக்கிறது. அங்கே கிளைடரில் பறந்துகொண்டே சண்டை போடலாமாம், இன்று இரவு பார்க்க வேண்டும்.