அக்கன் கொடுத்தவை: குந்தவைப் பிராட்டியாரைத் தேடிப் போகிறவர்களுக்கு

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்து "குந்தவை சிலை எங்கே?" என்று கேட்பவர்கள் ஏராளம். கைகாட்டிச் சொல்ல அங்கே ஒரு சிலையும் இல்லை. ஆனால் கோயிலின் தலையாய கல்வெட்டில், அரசன் ராஜராஜனின் பேச்சிலேயே அவனுடைய அக்கா குந்தவைப் பிராட்டியார் இருக்கிறார். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ஆணையிடுகிறான். தேவியர் எல்லோரும் 'நம் பெண்டுகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட, தமக்கைக்கு மட்டும் தனி இடம், அதுவும் தனக்கு அடுத்தபடியாக.

இதைப் பார்க்க நுழைவு கோபுரங்களிலோ திருச்சுற்று மாளிகையிலோ தேட வேண்டாம். கருவறை விமானத்தின் வடபுறம் அடித்தளத்தில் தொடங்கி மேற்கே திரும்பும் வரிகள் அவை. காலை நடை திறந்ததும் போனால் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் கல் வெறும் பழுப்பாகத்தான் நிற்கும், போதாததற்குக் கால் சுடும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை, அதனால் 'அக்கன்' என்பது 'அககன' என்றே கண்ணில் படும். ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், முதல் தடவை படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டு ககரம் அடுத்தடுத்து வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போங்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டி, விபூதி, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். கல்லில் ஏறிய எண்ணெய் தூசியைப் பிடித்து, அடுத்து வருபவருக்கு அந்த வரியே இல்லாமல் செய்துவிடும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும்.

பிராட்டியார் கொடுத்தது என்ன? வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று கல்வெட்டு அறிமுகப்படுத்தும் அவர், ஆடவல்லான் தட்சிணமேரு விடங்கர், தஞ்சை விடங்கர் என்ற சிவன் திருமேனிகளுக்குத் துணையாக உமாபரமேசுவரித் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். கூடவே பொன்மாளிகைத் துஞ்சின (பொன்மாளிகையில் இறந்த) தேவராகிய தந்தை சுந்தரசோழருக்கும், தம் தாய்க்கும் திருமேனி எடுத்தார். கணவர் மறைந்ததும் உடன் உயிர்விட்டவர் அந்தத் தாய் வானவன்மாதேவி. பெற்றோருக்குத் திதி கொடுத்துவிட்டுத் தஞ்சைக்கு வருகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

நகைகளுக்கு எழுதியிருக்கும் கணக்கு இன்றைய நகைக்கடை ரசீதைவிடக் கறார். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும் மணிகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். எடைக் கணக்கு: 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. முத்தென்றால் வெறும் முத்தில்லை: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சிவந்த நீர், குளிர்ந்த நீர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். சப்பையானதையும் மறைக்கவில்லை. சாமிக்குக் கொடுப்பதில் குறை இருந்தால் குறையோடு எழுது என்பதுதான் முறை.

திருமேனிகளின் வழிபாட்டுச் செலவுக்குக் காசாகவும் வைத்தார். அது பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகள் அதைக் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) காசு பொலிசை, அதாவது வட்டி, கட்டின. 100 காசுக்கு 12½ காசு. கடன் கொடுத்தவர் பெயர் சண்டேசுவர தேவர்! இறைவனின் முதல் தொண்டர் என்பதால் கோயில் சொத்து அவர் பெயரிலேயே புழங்கியது. ஆகவே விமானத்தின் வடபுறம் தெற்கு நோக்கி இருக்கும் சண்டிகேசுவரர் சன்னிதியைச் சும்மா கைதட்டிவிட்டுக் கடக்காதீர்கள். ஆடையிலிருந்து நூல் பிய்த்துப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். வெறுங்கையை விரித்துக் காட்டினால் போதும், அவர் கணக்குப்பிள்ளை. பிறகு ஆடவல்லானாகிய நடராசர் சன்னிதிக்கு வாருங்கள். மார்கழித் திருவாதிரையன்று கூட்டம் நெருக்கும். நின்று கும்பிட வேண்டுமென்றால் வேறு நாள் நல்லது.

பிராட்டியார் கட்டிய கோயில்களைப் பார்க்க வடக்கே போக வேண்டும். திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரம்தான் அன்றைய ராஜராஜபுரம். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், பெருமாளுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம் என்று ஒரே ஊரில் மூன்று எடுப்பித்தார். சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் மிஞ்சியிருக்கின்றன, ஜினாலயம் இல்லை. சிற்றூர்க் கோயில் என்பதால் நாள் முழுதும் நடை திறந்திருக்குமென்று நம்பிப் போகக் கூடாது. காலையில் சேருங்கள். எண்ணெய், திரி, பூ எல்லாம் திண்டிவனத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்து வீட்டில் குருக்களையோ பட்டரையோ விசாரியுங்கள். அதுவரை வெளிச்சுவர்க் கல்வெட்டுகளையும் சுவர் மாடத்துச் சிற்பங்களையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தாதாபுரத்தில் காணாத ஜினாலயத்துக்கு ஈடாக, போளூர் – ஆரணி வட்டாரத்துத் திருமலையில் இன்னொரு குந்தவை ஜினாலயம் மலையடிவாரத்தில் வழிபாட்டில் இருக்கிறது. மேலே பாறையில் ஏறக்குறைய 16 அடி உயரத்தில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர். ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் இந்த மலையில்தான். அதன் முடிவில் வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை ஜினாலயத்துக்கு விளக்கு வைத்த செய்தி வருகிறது. பேரரசனின் வெற்றிப் பட்டியல் முழுதும் ஓர் அம்மாள் வைத்த விளக்குக்கு முன்னுரை ஆகிப்போனது!

இங்கே முறைகள் வேறு. தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கொண்டுபோகக் கூடாது. தேங்காய் தேடி அலைய வேண்டாம், ஒரு கைப்பிடி பச்சரிசி போதும். சமணர்கள் பொழுது சாய்ந்தபின் உண்ண மாட்டார்கள், அதனால் ஊரில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மாலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். படி ஏற வெயிலுக்கு முன்பே போவது நல்லது. ஆட்டோவில் வந்தால் திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.