ஜிபிசி தேர்வு: அறிக்கையிலிருந்து பின்னோக்கிப் படித்த கதை

முடிவு வந்துவிட்டது. தேர்ச்சி. அமெரிக்காவில் நல்கை (grant, திருப்பித் தர வேண்டாத நிதியுதவி) முன்மொழிவு எழுதுகிறவர்களுக்கான ஜிபிசி (Grant Professional Certified) சான்றிதழ் இனி என்னிடமும் இருக்கும். "நீங்கள் அறிக்கை எழுதுகிறவர்தானே, முன்மொழிவெல்லாம் வேறு வேலை" என்று கூட்டங்களில் என்னை ஓரமாக உட்காரவைத்தவர்களிடம் இனி வாதாட வேண்டியதில்லை. அந்த நிம்மதியிலும் கொஞ்சம் எரிச்சலிலும்தான் இதை எழுதுகிறேன்.

நான் வந்தது ஒப்பந்தப் பக்கத்திலிருந்து. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களுக்கான தொழில்நுட்ப முன்மொழிவு, மாத அறிக்கை, இறுதி அறிக்கை என்று எழுதிப் பழகியவர்களுக்கே இந்தக் குறிப்புகள் அதிகம் பயன்படும். தொண்டு நிறுவனங்களிலேயே வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

தேர்வு சோதிக்கும் 9 திறன்களில் எல்லோரும் பயப்படுவது ஒன்பதாவதற்கு, அதாவது எழுத்துப் பகுதிக்கு. பெரும்பாலானோர் அசட்டையாகத் தாண்டிப்போவது ஐந்தாவதை: பணம் கிடைத்த பிறகான நிர்வாகம். என் படிப்பு முழுவதும் அந்த ஐந்தாவதில்தான் தொடங்கியது. மற்ற எட்டும் அதிலிருந்து தாமாகவே பிடிபட்டன என்றால் மிகை என்பார்கள். சொல்லட்டும்.

செய்தது இதுதான். பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு நிதி அறிவிப்பை, அதாவது நல்கைக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்பை, எடுத்துக்கொள்வேன். முன்மொழிவைத் தொடவே மாட்டேன். திட்டம் முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அதன் இறுதி அறிக்கையின் அட்டவணையை முதலில் போடுவேன். எதை எண்ணினோம், யார் எண்ணினார், எந்தப் பதிவேட்டிலிருந்து, தொடக்க நிலை என்ன, எந்தத் தேதிக்குள். அந்தக் கட்டங்கள் நிரம்பிய பிறகே குறிக்கோளை எழுதுவேன்.

ஓர் உதாரணம். ஓராண்டுத் திட்டம், வேலைவாய்ப்புப் பயிற்சி. "120 பேருக்குப் பயிற்சி அளிப்போம்" என்பது செய்த வேலையின் கணக்கு மட்டுமே, விளைவு ஆகாது. சரி, "பயிற்சி பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் வேலையில் நீடிப்பார்கள்" என்று மாற்றுகிறோம். படிக்க நன்றாக இருக்கிறது. அறிக்கைப் பக்கத்திலிருந்து பாருங்கள்: கடைசி அணி பதினோராம் மாதம் பயிற்சியை முடித்து, அன்றே எல்லோருக்கும் வேலை கிடைத்தாலும், ஆறு மாதம் நிறைவது பதினேழாம் மாதத்தில். கூட்டாட்சி நல்கையில் இறுதிச் செயல்பாட்டு அறிக்கையைத் திட்டக் காலம் முடிந்து 120 நாள்களுக்குள் தர வேண்டும்; அது பதினாறாம் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. ஆக, அழகாக எழுதிய அந்தக் குறிக்கோளை நிரூபிக்கவே முடியாது. அதோடு, ஆறு மாதம் கழித்து அத்தனை பேரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவருக்கான சம்பளம் வரவுசெலவில் எந்த வரியில் இருக்கிறது? பெரும்பாலும் எந்த வரியிலும் இருக்காது.

இப்படிப் பார்க்கப் பழகினால் தேர்வின் பல்விடைக் கேள்விகளில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாற்றம் குறையும். எந்த விடையைத் தேர்ந்தால் பின்னால் அறிக்கை எழுத முடியும் என்று கேட்டுக்கொண்டேன். வெற்றி பெற்ற முன்மொழிவுகளைக் குவித்துவைத்துப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவை ஏன் வென்றன என்று அவற்றை எழுதியவருக்கே பல சமயம் தெரியாது.

ஒப்பந்தக்காரர்கள் கழற்றிவைக்க வேண்டிய பழக்கங்களும் உண்டு. ஒப்பந்தத்தையும் நல்கையையும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிரித்துவைத்திருக்கிறது: அரசு தன் நேரடிப் பயனுக்குப் பொருளோ சேவையோ வாங்கினால் ஒப்பந்தம், பொது நோக்கம் ஒன்றுக்கு ஆதரவாகப் பணம் கொடுத்தால் நல்கை, அப்படிக் கொடுத்துவிட்டு அரசு அலுவலர்களும் பணியில் கணிசமாகப் பங்கெடுத்தால் கூட்டுறவு உடன்படிக்கை. இதை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எழுதும் தொனியே இதனால் மாறுகிறது என்பதுதான் முக்கியம். ஒப்பந்த முன்மொழிவில் "எங்களால் முடியும்" என்று தொடங்குவோம். நல்கையில் தேவை முதலில் வர வேண்டும். அந்தத் தேவையும் மக்களுடையதாக இருக்க வேண்டும். "எங்கள் அலுவலகத்தில் கணினிகள் பழசு" என்பது யாருடைய துன்பமும் இல்லை.

கழற்ற வேண்டாத பழக்கம்: ஒப்பந்த அழைப்பின் பிரிவு L (எப்படி எழுத வேண்டும் என்ற விதிகள்), பிரிவு M (எப்படி மதிப்பிடுவார்கள் என்பது) இரண்டையும் வரிவரியாக உடைத்து அட்டவணை போடுவோமே, அது. எந்த நிதி அறிவிப்புக்கும் அப்படியே பொருந்தும்.

எழுத்துப் பகுதிக்கு என் பட்டியல்:

- கொடுத்த தகவலுக்குள்ளேயே நில்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த புள்ளிவிவரத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.
- வடிவ விதிகளை எழுதத் தொடங்கும்போதே அமைத்துவிடுங்கள். கடைசியில் நேரம் இருக்காது.
- தேவையில் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் குறிக்கோளில் ஒரு பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணை நீக்குங்கள்.
- உணர்ச்சிகரமான முதல் வரியைத் தேடிக் காலத்தைக் கழிக்காதீர்கள். நான் மூன்றாவது பத்தியிலிருந்து எழுதத் தொடங்குகிற ஆள்; அது எல்லோருக்கும் ஒத்துவராது.

பழைய குறிப்பேடுகளை வாங்குகிறவர்கள் கவனியுங்கள். கூட்டாட்சி நல்கைகளுக்கான பொது விதித்தொகுப்பு 2024 அக்டோபர் 1 முதல் மாறியிருக்கிறது. மறைமுகச் செலவுக்கு (ஒரு திட்டத்துக்கு மட்டும் என்று பிரிக்க முடியாத பொதுச் செலவு) அரசோடு பேசி முடித்த விகிதம் இல்லாத நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய பொது விகிதம் 10 சதவீதமாக இருந்தது; இப்போது 15 சதவீதம் வரை போகலாம். ஒரு பொருளைக் கருவி என்று கணக்கிடுவதற்கான விலை வரம்பு 5,000 டாலரிலிருந்து 10,000 டாலர் ஆகியிருக்கிறது. ஒற்றைத் தணிக்கை (ஓராண்டில் இவ்வளவு கூட்டாட்சிப் பணத்தைச் செலவிட்டால் கட்டாயமாகும் தணிக்கை) வரம்பும் ஏழரை லட்சம் டாலரிலிருந்து பத்து லட்சத்துக்கு உயர்ந்திருக்கிறது. தேர்வுக்கு வருகிறதோ இல்லையோ, பழைய எண்ணோடு வரவுசெலவுப் பயிற்சி செய்தால் கை பழசிலேயே நின்றுவிடும்.

அறநெறிப் பகுதியைப் பொது அறிவால் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கிடைக்கும் நல்கையில் இத்தனை சதவீதம் என்று எழுத்தாளர் கூலி வாங்குவது தவறு. வாடிக்கையாளரே விரும்பிக் கொடுத்தாலும் தவறு. விற்பனைத் தரகு சாதாரணமாக இருக்கும் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றும். முன்மொழிவு எழுதிய செலவையும் அதே நல்கையின் நேரடிச் செலவில் ஏற்ற முடியாது. பொதுவாக அது மறைமுகச் செலவில்தான் போகும்.

குழுவாகப் படிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தனியாகப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும்.

கடைசியாக ஒன்று: சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போகும் ஒவ்வொரு பயிற்சிக்கும் கிடைக்கும் வருகைச் சான்றைத் தேதியோடு ஒரே கோப்பில் முதல் நாளிலிருந்தே போட்டுவையுங்கள். நான் நேற்று அந்தக் கோப்பைத் திறந்துவிட்டேன்.